'ஐம் நாட் இன் லவ்': மூன்று பேர், 624 குரல், அமெரிக்காவில் 2-ஆம் இடம்

எனக்கு வந்த கேள்வியில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. பிரிட்டனின் 10சிசி குழு 1975-இல் வெளியிட்ட 'ஐம் நாட் இன் லவ்' பாட்டில் பின்னால் மிதக்கும் குரல் கூட்டம் சிந்தசைசரா, நிஜக் குரலா? 256 குரல் என்று சொல்கிறார்களே, அது சரியா? பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு அமெரிக்காவில் ஏன் 2-இல் நின்றுபோனது? அதே சத்தத்தை வீட்டுக் கணினியில் கொண்டுவர முடியுமா?

முதல் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம். நிஜக் குரல்தான், பாடியவர்கள் மூன்றே பேர்: கெவின் காட்லி, லால் கிரீம், கிரஹாம் கோல்ட்மன். நான்காமவர் எரிக் ஸ்டூவர்ட் ஒலிப்பதிவு மேஜையில் உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் ஒரே ஸ்வரத்தை அகாரமாகப் பாட, அதையே 16 முறை பதிந்தார்கள். ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல். இப்படி அரைச் சுரங்களையும் சேர்த்து 13 ஸ்வரங்கள். 48-ஐ 13-ஆல் பெருக்கினால் 624. ஸ்டூவர்ட் பேட்டிகளில் சொல்லும் கணக்கு இதுதான். 256 என்பது பல இடங்களில் ஓடுகிற எண், ஆனால் அது 3-ஆல்கூட வகுபடாது. மூன்று பேர் எப்போதும் சேர்ந்து பாடிய பதிவில் அந்த எண் வர வழியே இல்லை.

இந்த மாதிரி வேலையை 1975-இல் வேறு குழுக்கள் ஏன் செய்யவில்லை என்பதற்குக் காரணம் திறமையைவிட வாடகை. பெரிய ஸ்டுடியோக்களில் மணிக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். வெறும் 'ஆ' பதிவதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்ள எந்த நிறுவனமும் ஒப்புக்கொள்ளாது. 10சிசிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டுடியோ ஸ்டூவர்ட்டும் நண்பர்களும் சேர்ந்து நடத்தியது. அமெரிக்கத் தயாரிப்பாளர்களுக்கு விடலைப் பாப் பாட்டுகளை வரிசையாகச் செய்து கொடுத்து, அந்த வருமானத்தில் கருவிகள் வாங்கிப் போட்டிருந்தார்கள். அமெரிக்கப் பாடகர் நீல் செடாகா 1970-களின் தொடக்கத்தில் அங்கே வந்து பதிந்தபோது பின்னணி வாசித்ததும் இவர்களே. சொந்த இடம், சொந்த மெஷின், இரவில் எத்தனை மணிக்கும் பதியலாம். இந்தப் பாட்டு வெற்றிபெற்றதற்கு இதைத்தான் நான் முதல் காரணமாகச் சொல்வேன்.

பாட்டு முதலில் இப்படி இல்லை. ஸ்டூவர்ட்டும் கோல்ட்மனும் எழுதியபோது அது கிட்டார் வைத்த போசா நோவா, அதாவது பிரேசில் பாணி மெல்லிசை. அப்படியே பதிந்தும் பார்த்தார்கள். காட்லிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்த டேப் அழிக்கப்பட்டது. ஆனால் ஸ்டுடியோவில் வேலை செய்தவர்கள் மெட்டை முணுமுணுத்தபடி இருந்ததால் மறுபடி எடுத்தார்கள். கருவிகளை விட்டுவிட்டு முழுக்கக் குரலிலேயே செய்யலாம் என்றார் காட்லி. அதற்கு வழியாக டேப் லூப்பைச் சொன்னவர் கிரீம்.

லூப் என்பது இங்கே அழுத்தினால் வரும் பட்டன் இல்லை. நிஜமான டேப் வளையம். ஒரு ஸ்வரத்தின் 16 டிராக்கையும் (டேப்பில் தனித்தனியாகப் பதிந்த தடங்கள்) ஸ்டீரியோ ரெக்கார்டரில் சேர்த்து இறக்கி, அந்த டேப்பை வெட்டி, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கினார்கள். ஒட்டிய இடம் டேப்பைப் படிக்கும் ஹெட்டைக் கடக்கும்போதெல்லாம் சின்ன விக்கல் கேட்கும். அதை அரிதாக்க ஒரே வழி வளையத்தை நீளமாக்குவது. ஸ்டூவர்ட் சொல்லும் நீளம் 12 அடி அளவில். அவ்வளவு டேப் மெஷினுக்குள் நிற்காது. ஹெட்டைச் சுற்றி வெளியே இழுத்து, எட்டத்தில் ஒரு மைக் ஸ்டாண்டின் உச்சியில் உருளையைப் பொருத்தி, அதைச் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். 12 அடி என்றால் 144 அங்குலம். விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஒரு சுற்று 9.6 விநாடி, 30 அங்குல வேகத்தில் 4.8 விநாடி. ஸ்டாண்ட் கொஞ்சம் தள்ளிப்போனால் டேப் விறைத்து வேகம் தடுமாறும், சுருதி ஆடும். கிட்டே வந்தால் டேப் தொய்ந்து ஹெட்டை விட்டு விலகும், சத்தம் மங்கும். ஒவ்வொரு வளையத்தையும் பாட்டின் முழு நீளத்துக்கும் ஓடவிட்டு, 16 டிராக் மெஷினில் வளையத்துக்கு ஒரு டிராக்காகப் பதிந்தார்கள். 13 டிராக் குரலுக்கே போய்விட்டது. மிச்சம் மூன்று.

அந்த மூன்றில்தான் கோல்ட்மனின் ரிதம் கிட்டார், ஸ்டூவர்ட்டின் ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோ, காட்லி மூகில் எழுப்பிய தட்டு. இதயத் துடிப்பு போல நெஞ்சுக்குள் கேட்கிறதே, அது டிரம் இல்லை, மூக் சிந்தசைசர். ஆக சிந்தசைசர் இருக்கிறது, ஆனால் எல்லோரும் தேடுகிற இடத்தில் இல்லை.

இனி வருவதுதான் இந்தப் பதிவின் உயிர். 13 டிராக்கும் இடைவிடாமல் 'ஆ' என்று ஓடிக்கொண்டே இருக்கும். எந்த ஸ்வரம் எப்போது கேட்க வேண்டும் என்பதை மேஜையில் ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்கட்டையான ஃபேடர்தான் தீர்மானிக்கும். நான்கு பேரும் மேஜையைச் சுற்றி நின்று, ஆளுக்கு மூன்று நான்கு ஃபேடரைப் பிடித்துக்கொண்டு, கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும்போது ஏற்றி இறக்கினார்கள். அன்று வாசித்த வாத்தியம் மேஜைதான். ஃபேடர்களின் அடியில் குறுக்கே ஒட்டுநாடாவை ஒட்டி வைத்தார்கள், எந்த ஃபேடரும் முழுக்க மூடாதபடி. அதனால் தேவையில்லாத ஸ்வரங்களும் அடியில் மெல்லக் கசிந்துகொண்டே இருந்தன. ஹெட்போனில் கேட்டால் மூடுபனி மாதிரி ஒரு இரைச்சல் தெரியும். டேப்பின் ஹிஸ்ஸும் இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பங்கு எல்லா அரைச் சுரமும் சேர்ந்து கசிவது. கார்ட் மாறும் இடத்தில் வெட்டு தெரியாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். அடியில் ஏற்கெனவே இருந்த ஸ்வரம் எழும்புகிறது, புதிதாகத் தொடங்குவதில்லை.

இசையமைப்பும் இந்த முறைக்கு வாகாக அமைந்தது. பாட்டில் ஒரு மேஜர் கார்ட் அதே ஆதாரத்தின் மைனராக மாறும் இடம் திரும்பத் திரும்ப வரும். நம் கணக்கில் அந்தர காந்தாரம் இறங்கி சாதாரண காந்தாரம் ஆவது. மூன்று ஸ்வரத்தில் ஒன்று மட்டும் அரை ஸ்தானம் நகர்கிறது. மேஜையில் ஒரு ஃபேடரை இறக்கிப் பக்கத்து ஃபேடரை ஏற்றினால் போதும். அந்த அரை விநாடியில் இரண்டு காந்தாரமும் சேர்ந்து ஒலித்துக் கரைவதுதான் கேட்பவரின் வயிற்றில் இறங்குகிற இடம். கீபோர்டில் விரலை மாற்றி வைத்தால் இது வராது.

இந்த ஃபேடர் வாசிப்பை ஸ்டீரியோவாக இறக்கி, மறுபடி பல டிராக் டேப்புக்கு மாற்றிய பிறகுதான் மற்றவை ஏறின: ஸ்டூவர்ட்டின் பாட்டு, நடுவில் கோல்ட்மனின் பேஸ் கிட்டார், பியானோ, கடைசியில் குழந்தைகளின் விளையாட்டு இசைப்பெட்டி. நடுவே கிசுகிசுக்கும் பெண் குரல் ஸ்டுடியோவின் வரவேற்பாளர் கேத்தி ரெட்ஃபர்ன். ஸ்டூவர்ட்டுக்கு போன் வந்திருக்கிறது என்று கதவைத் திறந்து மெல்லிய குரலில் சொல்லப்போனார், அந்தக் குரலே வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள்.

சரி, பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலுக்கு வருவோம். இந்தப் பாட்டின் நீளம் 6 நிமிடம். டேப்பைக் கேட்டுத்தான் ஃபோனோகிராம் நிறுவனம் 10 லட்சம் டாலர் அளவில் ஒப்பந்தம் போட்டது. ஆனால் 1975 மார்ச்சில் 'தி ஒரிஜினல் சவுண்ட்டிராக்' ஆல்பம் வந்தபோது முதல் சிங்கிளாக (தனிப் பாட்டாக விற்கும் தட்டு) இதை விடவில்லை. 'லைஃப் இஸ் எ மினஸ்ட்ரோனி' போனது, பிரிட்டனில் 7-ஆம் இடம் பிடித்தது. இது மே மாதம்தான் சிங்கிளாக வந்தது. 6 நிமிடப் பாட்டு என்றால் ரேடியோ தயங்கும், ஒரு பாட்டு இரண்டு பாட்டின் நேரத்தைத் தின்னும். இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 7 அங்குல, 45 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் 6 நிமிடத்தை அடைத்தால் பள்ளங்களை நெருக்க வேண்டும், அதற்காக ஒலியளவைக் குறைக்க வேண்டும். அடுத்த பாட்டோடு ஒப்பிட்டால் நம் தட்டு மெலிந்து கேட்கும். அதனால் ரேடியோவுக்காகச் சுருக்கிய வடிவம் ஒன்று செய்தார்கள். கேட்டவர்கள் முழுப் பாட்டைப் போடச் சொன்னார்கள், பிபிசியும் போட்டது.

மே இறுதியில் பிரிட்டிஷ் பட்டியலில் நுழைந்து, ஜூன் 28-ஆம் தேதிப் பட்டியலில் முதலிடம், அங்கே 2 வாரம். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது 'விஸ்பரிங் கிராஸ்'. இந்தியாவின் தேவ்லாலி ராணுவ முகாமில் நடப்பதாக எடுத்த பிபிசி நகைச்சுவைத் தொடரின் நடிகர்கள் இருவர் பாடியது. 10சிசியிடமிருந்து முதலிடத்தைப் பறித்தவர் ஜானி நாஷ். குழுவுக்கு பிரிட்டனில் மொத்தம் மூன்று முதலிடங்கள்: 1973-இல் 'ரப்பர் புல்லட்ஸ்', 1975-இல் இது, 1978-இல் 'டிரெட்லாக் ஹாலிடே'. அயர்லாந்திலும் கனடாவிலும் இந்தப் பாட்டு முதலிடம் பிடித்தது.

அமெரிக்காவில் நடந்ததுதான் சுவாரசியம். பில்போர்டு இதழின் பாட்டுப் பட்டியலான ஹாட் 100-இல் தொடர்ந்து 3 வாரம் 2-ஆம் இடம், அந்த 3 வாரமும் மேலே இருந்தவை வேறு வேறு பாட்டுகள். ஜூலை 26-இல் வேன் மெக்காயின் 'தி ஹசில்', ஆகஸ்ட் 2-இல் ஈகிள்ஸின் 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்', ஆகஸ்ட் 9-இல் பீ ஜீஸின் 'ஜைவ் டாக்கின்'. மூன்றில் இரண்டு நடன மேடைப் பாட்டு. டிஸ்கோ அலை எழுந்துகொண்டிருந்த கோடை அது. ஆனால் அலை மேல் மட்டும் பழி போட முடியாது, ஈகிள்ஸ் 10சிசியைப் போலவே டிஸ்கோ குழு இல்லை. பட்டியல் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பார்த்தால் தெளிவாகும்.

பிரிட்டனில் அப்போது பிபிசிக்கும் வணிக இதழுக்கும் சேர்த்து ஒரு சந்தை ஆய்வு நிறுவனம் பட்டியல் தயாரித்தது. தேர்ந்தெடுத்த சில நூறு கடைகள் விற்ற தட்டுகளைக் குறிப்பேட்டில் எழுதி அனுப்பும். ரேடியோவில் எத்தனை முறை ஓடியது என்பதற்கு மதிப்பெண் கிடையாது, விற்பனை மட்டும்தான். ரேடியோவும் கிட்டத்தட்ட ஒன்றே. தனியார் வானொலி 1973 அக்டோபரில்தான் தொடங்கியது, நாடு முழுக்க எட்டிய பாப் நிலையம் பிபிசி ரேடியோ 1. அது ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் நாடு முழுக்க ஒரே வாரத்தில் கடைக்குப் போகும். உச்சம் எல்லா ஊரிலும் ஒன்றாக வரும்.

ஹாட் 100 அப்படி இல்லை. கடை அறிக்கையும் ரேடியோ ஒலிபரப்பும் சேர்ந்தது. 1991 நவம்பருக்கு முன் கடைகள் கொடுத்தது பெரும்பாலும் விற்பனை எண்ணிக்கை அல்ல, எது அதிகம் போகிறது என்ற வரிசை. ஊருக்கு ஊர் தனி நிலையங்கள், தனித்தனி வரிசை. ஒரு பாட்டு ஒரு நகரத்தில் உச்சத்தில் இருக்கும்போது இன்னொரு நகரத்தில் அப்போதுதான் ஏறும், மூன்றாவது ஊரில் இறங்கத் தொடங்கியிருக்கும். மெல்ல ஏறி நெடுநாள் நிற்கும் பாட்டுக்கு இந்த முறையில் முதலிடம் கிடைப்பது கடினம், ஏனென்றால் அதன் பலம் வாரங்களில் பரவிக் கிடக்கும். அந்த ஆண்டு ஹாட் 100-இல் முதலிடத்துக்கு வந்துபோன பாட்டுகள் 35-ஐ ஒட்டி. பெரும்பாலானவை ஒரு வாரம் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கின. மூன்று வெவ்வேறு பாட்டுகள் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி 2-இல் நின்ற பாட்டு, அந்த மூன்றில் எதற்கும் வலுவில் குறைந்தது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்க நிலையங்களுக்குப் போனதும் 4 நிமிடத்துக்குள் சுருக்கிய வடிவமே. முழுப் பாட்டின் மூடுபனி அதில் பாதிதான் இருக்கிறது.

பின்கதை சுருக்கமாக. பாடல் எழுதுவோருக்கு பிரிட்டனில் தரும் ஐவர் நொவெல்லோ விருதுகள் மூன்று. 1976-இல் காட்லியும் கிரீமும் குழுவை விட்டுப் போனார்கள். 1990-இல் வில் டு பவர் என்ற அமெரிக்கக் குழு பாடிய மறுவடிவம் ஹாட் 100-இல் 7-ஆம் இடம். 2014-இல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படத்தின் தொடக்கத்தில் இந்தப் பாட்டு வர, அந்தப் படத்தின் பழைய பாட்டுத் தொகுப்பு பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் போனது.

இனி வீட்டில் செய்வது. முடியும், ஆனால் குறுக்கு வழி எடுத்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

மிகப் பெரிய தவறு ஒரு முறை பாடிவிட்டு அதையே 16 முறை நகலெடுப்பது. அது கூட்டமாகாது, ஒரே குரல் 24 டெசிபல் உரக்கக் கேட்கும், அவ்வளவே. நகலைச் சில மில்லி விநாடி தள்ளி வைத்தால் குழாய்க்குள் பேசுவது போல ஆகும். ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் பாட வேண்டும். தனியாள் என்றால் 13 ஸ்வரத்துக்கு 16 வீதம் 208 பதிவு. ஒவ்வொன்றும் 15 விநாடி என்றால் பாடும் நேரம் மட்டும் 52 நிமிடம். ஓய்வோடு பார்த்தால் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், தொண்டை கட்டினால் கடைசி ஸ்வரங்கள் வேறு ஆள் பாடியது போல இருக்கும். மேல் ஸ்வரங்களைத் தொண்டை பதமான பிறகு, ஆனால் சோர்வதற்கு முன் பாடிவிடுங்கள்.

ஒரு காதில் மட்டும் ஹெட்போன் வைத்து அந்த ஸ்வரத்தைச் சுருதியாக ஓடவிடுங்கள். கமகம் கூடாது, அதிர்வும் கூடாது, நேர்க்கோடாக 'ஆ'. சங்கீதம் கற்றவர்களுக்கு இதுதான் கஷ்டம், குரல் தன்னை அறியாமல் அசையும். வாய்த் திறப்பு ஒரே மாதிரி இருக்கட்டும். ஆறாவது பதிவில் அது 'ஓ'வாக மாறத் தொடங்கும், கவனியுங்கள். மைக்கிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்று, ஒவ்வொரு பதிவுக்கும் அரை அடி இடம் மாறுங்கள். ஒரே இடத்தில் நின்றால் அறையின் முழக்கமும் 16 மடங்காக அடுக்கி வந்து ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் மட்டும் குடத்துக்குள் ஒலிப்பது போல வீங்கும். ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். 16 பதிவைச் சேர்த்தால் அறை இரைச்சல் சுமார் 12 டெசிபல் ஏறும். ஆண் குரலில் நடு ஸ்தாயிக்குக் கீழே 130 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்குகிறீர்கள் என்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் அதோடு போகும்.

சுருதி திருத்தும் மென்பொருளைத் தொடாதீர்கள். 48 குரல் கூட்டமாகக் கேட்பதே ஒவ்வொன்றும் சில சென்ட் (அரை ஸ்தானத்தில் நூறில் ஒரு பங்கு) முன்பின் இருப்பதால்தான். எல்லாவற்றையும் நேராக்கினால் ஆர்மோனியம் ஆகிவிடும். 25 சென்டுக்கு மேல் விலகியதை மட்டும் தூக்கிப் போடுங்கள்.

ஒவ்வொரு பதிவிலும் தொடக்கம் 2 விநாடியையும் முடிவையும் வெட்டி, நடுப்பகுதிகளை ஒரு ஸ்வரத்துக்கு ஒரு கோப்பாகச் சேர்த்து, லூப் ஆக்குங்கள். இணைப்பில் ஒரு விநாடி அளவுக்குக் கிராஸ்ஃபேடு, அதாவது ஒன்று மங்க மங்க மற்றது எழும்புவது. அதில் சம ஆற்றல் வளைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேர்க்கோட்டு வளைவு போட்டால் இணைப்பில் 3 டெசிபல் பள்ளம் விழும், ஒவ்வொரு சுற்றிலும் மூச்சு வாங்குவது போலக் கேட்கும். 13 லூப்பின் நீளமும் ஒன்றாக இருக்கக்கூடாது. ஒன்று 9 விநாடி, அடுத்தது 9.7, அதற்கடுத்தது 10.3 என்று வைத்தால் இணைப்புகள் ஒரே நேரத்தில் வந்து சேராது. மூன்று ஸ்வரம் மட்டும் பாடி மற்றதைச் சாம்ப்ளரில் (பதிந்த ஒலியைச் சுருதி மாற்றி ஒலிக்கவிடும் மென்பொருள்) இழுத்துக்கொள்ளும் யோசனை வேண்டாம். சுருதியோடு குரலின் உடல் அளவும் மாறி, மேலே பொம்மைக் குரலும் கீழே பூதக் குரலும் வரும்.

கடைசியாக ஃபேடர். மவுஸால் கோடு இழுக்காதீர்கள், உயிரில்லாமல் இருக்கும். 8 ஃபேடர் உள்ள சின்ன கண்ட்ரோலர் போதும், இரண்டு தடவையாக வாசித்து, ஃபேடர் அசைவை நினைவில் வைக்கும் ஆட்டோமேஷனில் எழுதிக்கொள்ளலாம். அடிமட்டம் பூஜ்யம் அல்ல: சுமார் மைனஸ் 32 டெசிபலில் தொடங்கி, பாட்டோடு கேட்டு 3 டெசிபல் மேலோ கீழோ நகர்த்துங்கள். அதிகமானால் எல்லா அரைச் சுரமும் மோதிப் புளிக்கும், குறைந்தால் கார்ட் மாற்றம் ஆர்கன் கட்டை மாதிரி வெட்டித் தெரியும். ஃபேடர் ஏற அரை விநாடி ஆவதால், தாளத்துக்கு அரை விநாடி முன்பே கையைத் தொடங்க வேண்டும். எதிரொலியை முதலில் போடாதீர்கள், பெரும்பாலும் தேவையே இருக்காது. கீழ் ஸ்வரங்களை நடுவிலும் மேல் ஸ்வரங்களை மாற்றி மாற்றி இரு பக்கமும் வைத்துவிட்டு, மோனோ பட்டனை அழுத்திக் கேளுங்கள். அங்கே எந்த ஸ்வரமாவது மெலிந்தால், நகலெடுத்துத் தள்ளி வைத்த பதிவு ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் புதிதாகப் பாடிச் சேருங்கள்.